நெலி சாக்ஸ்: மன்னிப்பின் கவிஞரா?

1965ஆம் ஆண்டில் ஜேர்மானியப் புத்தக வணிகர்களின் சமாதானப் பரிசும், மறு ஆண்டு தமது எழுபத்தைந்தாவது பிறந்தநாளன்று அக்னோனுடன் பகிர்ந்துகொண்ட நோபல் பரிசும் நெலி சாக்ஸ் என்னும் யூதப் பெண் கவிஞரை உலகறியச் செய்தன. அக்காலத்தே மேற்கு ஜேர்மனியில் அவர் மன்னிப்பினதும் நல்லிணக்கத்தினதும் கவிஞர் எனப் போற்றப்படலானார். அப்பட்டத்தை அவரது கவிதைகள் தாங்குமா என்பதே ஈண்டு நோக்கப்படுவது. பட்டம் சூட்டியோர் மன்னிப்புத் தேவைப்பட்ட சமூகத்தினர் என்பது முதலிலேயே மனங்கொள்ளத்தக்கது.

1891இல் பேர்ளினில், வசதிபடைத்த ஆலை உரிமையாளர் ஒருவரின் ஒரே மகளாகப் பிறந்தவர் நெலி சாக்ஸ். யூத மரபிலிருந்து பெரிதும் விலகி, ஜேர்மானியப் பண்பாட்டிலே தோய்ந்த குடும்பம் அது. சுவீடிய நாவலாசிரியை செல்மா லாகர்லெவ்வின் நூலொன்றை இளமையிலே படித்து, அவருடன் கடிதத் தொடர்பு கொண்டார். 1921இல் வெளிவந்த முதல் நூலிலுள்ள கதைகள் அந்நாவலாசிரியையின் நிழலிலே பிறந்தவை. நாடு நீங்குமுன் எழுதியவற்றை மறுபதிப்புச் செய்யப் பிற்காலத்தில் அவரே விரும்பவில்லை, அத்தீர்ப்புச் சரியானதே. ஹிட்லரின் ஆட்சி வந்திராவிடின் அவர் இரண்டாந்தரக் கற்பனாவாதக் கவிஞர்களுள் ஒருவராய் மறக்கப்பட்டிருப்பார் என்பது சொல்லக் கூசும் உண்மை.

இரகசியப் பொலிசாரின் விசாரணையொன்றின் பின் ஐந்து நாட்கள் அவர் பேச்சிழந்திருந்தார். 1956இல் எழுதிய உரைநடைக் குறிப்பொன்றிலே இதனைக் கூறியுள்ளார். அவரது கவிதைகளிலே திரும்பத் திரும்ப வரும் குரலற்ற மீன் வெறும் அலங்காரப் படிமம் அன்று என்பதை இக்குறிப்பு உணர்த்துகிறது. 1940 மே 16ஆந் திகதி, கட்டாய உழைப்பு முகாமுக்கான அழைப்பு வந்துவிட்ட நிலையில், தாயாருடன் ஸ்ரொக்ஹோமுக்கு விமானமேறினார். தோழி ஒருவர் முன்னரே சுவீடனுக்குச் சென்று லாகர்லெவ்வின் உதவியை வேண்டியதன் பயன் அது. இவர்கள் போய்ச் சேரும்போது லாகர்லெவ் உயிரோடு இல்லை. சிறியதொரு வீடு, சுவீடியக் கவிதைகளை ஜேர்மன் மொழிக்குப் பெயர்த்துக் கிடைத்த சொற்ப வருமானம், நோயுற்ற தாயின் உறக்கம் கலையாதிருக்க இருளிலே எழுதிய இரவுகள். ‘மரணத்தின் உறைவிடங்களில்’ என்ற தொகுதி அவ்விரவுகளின் விளைவு. 1947இல் கிழக்குப் பேர்ளினில் அது வெளியாயிற்று. மேற்கு ஜேர்மனி அவரைக் கவனிக்கப் பத்தாண்டு சென்றது.

நமது கையறுநிலைப் பாடல்களில் இறந்தவனுக்குப் பெயருண்டு, நடுகல்லும் உண்டு. சாக்ஸ் பாடிய இறந்தோருக்குப் புகைபோக்கியே கல்லறை. இதனாலேயே அவர் ஒருவரது புலம்பலை விடுத்துக் கூட்டுப்பாடலைக் கையாண்டார் எனலாம். இத்தொகுதியின் கடைசிப் பகுதியில் இறந்தோர், அநாதைகள், நிழல்கள், கற்கள், மரங்கள், இன்னும் பிறவாதோர் எனப் பலர் குழுவாக நின்று பேசுகின்றனர். உயிர்தப்பியோர் பேசும் பாடல் இவற்றுள் தலையாயது. அவர்கள் கேட்பது பழியன்று. மன்னிப்பு வழங்குவதும் அவர்கள் பேச்சில் இல்லை. வாழ்வைத் தமக்கு மெல்ல மெல்லக் கற்றுத் தருமாறும், அன்றாட ஓசையொன்றுகூடப் பழைய வலியைக் கிளறக்கூடும் என்பதால் பொறுமை காட்டுமாறும் அவர்கள் வேண்டுகின்றனர். கொலைஞனை நோக்கிய பேச்சன்று இது. வாழ்வோரை, அதாவது வாசகரை நோக்கியது.

‘ஏலி’ நாடகமும் இவ்வகையில் நோக்கத்தக்கது. ஏலி எட்டு வயதுச் சிறுவன். தன் குழலை வானை நோக்கி உயர்த்தி இறைவனுக்கு ஊதுகிறான். அதனை ஏதோ சைகை என்றெண்ணி ஜேர்மானியப் படைவீரன் அவனைக் கொன்றுவிடுகிறான். செருப்புத் தைக்கும் மிக்கேல் கொலைகாரனைத் தேடிச் செல்கிறான்; கண்டபோது கைநீட்டவில்லை. அவன்முன் நின்ற கொலைகாரன் தன் குற்றத்தாலேயே சிதைந்து அழிகிறான். பழிவாங்கல் இங்கு இல்லை என்போர் கூற்று மெய். ஆயின் மன்னிப்பு எங்கே? பழி வேண்டாமையும் மன்னித்தலும் ஒன்றென மயங்குவதே இப்பட்டத்தின் மூலம்.

குறைகளும் உள. விண்மீன், தூசி, மணல், சிறகு ஆகியன அளவுக்கு மீறி வருகையில் கொல்லப்பட்ட மனிதர் மறைந்து பிரபஞ்சமே எஞ்சுகிறது. நடுக்காலக் கவிதைகள் சிலவற்றைப் படித்து முடித்தபின் ஒன்றும் மனத்தில் தங்குவதில்லை. அவுஷ்விற்சுக்குப் பின் கவிதை எழுதுதல் காட்டுமிராண்டித்தனம் என்ற அடோர்னோவின் கூற்றுக்கு மறுப்பாக என்சென்ஸ்பேர்கர் இவரையே முன்னிறுத்தினார். அம்மறுப்புக்குச் சான்றாக நிற்பவை இக்கவிதைகளல்ல. புகைபோக்கி புகைபோக்கியாகவே நிற்கும் கவிதைகளே.

1965இல் பரிசு பெற ஜேர்மனி சென்றபோது, இளந்தலைமுறையில் தமக்கு நம்பிக்கையுண்டு என அவர் கூறியது உண்மை. ஆனால், பிறந்து வரும் தலைமுறையை நம்புதல் ஒன்று. இறந்தோர் சார்பிலே கணக்கை முடித்தல் வேறொன்று. ஐந்தாண்டு முன்னர், 1960இல், மீர்ஸ்பேர்க் நகரில் பரிசொன்றைப் பெறச் சென்றவர் ஜேர்மன் மண்ணில் இரவு தங்க மனமின்றிச் சூரிச்சிலே தங்கி, ஏரியைக் கடந்து போய்வந்தார். சூரிச்சிலே கவிஞர் போல் செலானைச் சந்தித்தார். இருவரும் இறைவனைப் பற்றி உரையாடினர். சாக்ஸ் நம்பியவர், செலான் வழக்காடியவர். ஸ்ரொக்ஹோம் திரும்பிய சாக்ஸ் நாசிக் கூட்டமொன்று வானொலிக் கருவிகளால் தம்மைத் துரத்துவதாக அஞ்சி மனநோய் வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டார். அடுத்து வந்த ஆண்டுகளிற் பெரும்பகுதி அங்கேயே கழிந்தது. 1970 மே 12ஆந் திகதி, பாரிசுக்கு அருகே செலானின் உடல் அடக்கம் செய்யப்பட்ட அதே நாளில், ஸ்ரொக்ஹோமில் நெலி சாக்ஸ் காலமானார்.