வினிகிரெட்: மூன்றுக்கு ஒன்று சரிதானா?

பிரெஞ்சுப் புரட்சிக்குத் தப்பி லண்டனில் தஞ்சம் புகுந்த தல்பின்யாக் என்பவர், பணக்கார வீடுகளுக்குப் போய் சாலட் கலந்து கொடுத்தே 80,000 பிராங்குக்கு மேல் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்பினார் என்று பிரெஞ்சு எழுத்தாளர் பிரியா-சவரேன் 1825-இல் வெளிவந்த தம் நூலில் எழுதியிருக்கிறார். இலை, எண்ணெய், வினிகர். இதற்கா இவ்வளவு கூலி?

அந்தக் கைப்பக்குவத்தைப் பிற்காலச் சமையல் நூல்கள் ஒரே வரியில் முடித்துவிட்டன: எண்ணெய் மூன்று பங்கு, வினிகர் ஒரு பங்கு. இந்தக் கலவைதான் வினிகிரெட். எந்த வினிகர் என்ற கேள்வியைப் பல நூல்கள் எழுப்புவதே இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒயின் வினிகர் என்று விற்க, லிட்டருக்குக் குறைந்தது 60 கிராம் அமிலம் இருக்க வேண்டும். அதாவது சுமார் 6 சதவீதம். அதை மூன்றுக்கு ஒன்றாகக் கலந்தால் மொத்தக் கலவையில் புளிப்பு 1.5 சதவீதம். அரிசி வினிகரும் நம் கடைகளில் கிடைக்கும் வெள்ளை வினிகரில் பலவும் 4 சதவீதத்தை ஒட்டியவை. அதே அளவில் கலந்தால் 1 சதவீதம்தான் தேறும். புளிப்பில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. வாயில் எண்ணெய்ப் பிசுக்குதான் மிஞ்சும். சமைத்தவர் தன் கையை நொந்துகொள்வார். குற்றம் கையில் இல்லை, விதியில் இருக்கிறது.

கலவையில் கடுகு விழுது சேர்க்கச் சொல்வதில் மட்டும் நூல்கள் முழுக்கச் சரி. (கடுகு என்றதும் தாளிப்பு நினைவுக்கு வர வேண்டாம், இது வினிகரோடு அரைத்த திஜோன் கடுகு.) கடுகின் தோலில் உள்ள பசைப்பொருள் எண்ணெய்த் துளிகள் மறுபடி ஒன்று சேராமல் தடுக்கிறது. கலவை பிரியாமல் நிற்பது அழகுக்காக அல்ல. இலையின் மேல் மெழுகுப் படலம் உண்டு. வினிகர் அதில் ஒட்டாமல் வழிந்துவிடும், எண்ணெயோ படலத்தின் வழியே உள்ளே ஊறி இலையைத் துவள வைக்கும். வினிகர் சுட்டுத்தான் இலை வாடுகிறது என்று நானும் நெடுநாள் நம்பியிருந்தேன். நன்றாகக் கலந்த வினிகிரெட்டில் எண்ணெய்த் துளிகளைச் சுற்றி வினிகர் நிற்பதால் இலை சற்று நேரம் தாக்குப்பிடிக்கும். உப்பை முதலில் வினிகரில் கரைப்பதற்கும் காரணம் இருக்கிறது: எண்ணெயில் உப்பு கரையாது.

கடையில் விற்கும் வினிகிரெட் புட்டி? மாதக்கணக்கில் பிரியாமல் நிற்பது அதன் ஒரே பலம். அந்த வேலையைச் செய்வது பெரும்பாலும் சாந்தன் கம் என்ற பிசின். ஆனால் பத்து நிமிடத்தில் சாப்பிடப்போகும் தட்டுக்கு மாதக்கணக்கான உறுதி எதற்கு? அதற்கு விலையாகப் பல புட்டிகளில் சர்க்கரையையும் மலிவு எண்ணெயையும் வாங்கிக்கொள்கிறோம். வீட்டு வினிகிரெட் அரை மணியில் பிரிந்தால், மூடியைத் திருகி ஒரு குலுக்கு குலுக்கினால் போதும்.

வீட்டு வினிகிரெட்டே மேல்; மூன்றுக்கு ஒன்று என்ற விதி 6 சதவீத ஒயின் வினிகருக்கு மட்டும். 4 சதவீத வினிகர் என்றால் இரண்டுக்கு ஒன்றில் தொடங்குங்கள். கரண்டியில் எடுத்து ருசி பார்க்காதீர்கள், எல்லாமே தூக்கலாகத் தெரியும். ஈரம் போகத் துடைத்த ஓர் இலையைத் தோய்த்துத் தின்று பாருங்கள்.