ஒரே ஆர்டர் இரண்டு முறை வந்தால்? இஆர்பி நெக்ஸ்ட் குடோன் இணைப்பு: ஒரு பரிசோதனை

திருப்பூரில் பனியன் குடோன் வைத்திருப்பவரிடம் சரக்குக் கணக்கு எங்கே இருக்கிறது என்று கேட்டால் நாலு இடத்தைக் காட்டுவார். ரேக்கில் இருப்பது ஒன்று. ஆன்லைன் கடையில் தெரிவது இன்னொன்று. ஆடிட்டருக்குப் போகும் டேலியில் இருப்பது மூன்றாவது. சூப்பர்வைசர் நோட்டில் பென்சிலால் குறித்து வைத்திருப்பது நான்காவது. இந்த நாலையும் ஒன்றாக்கித் தருகிறோம் என்று சொல்லித்தான் குடோன் மென்பொருட்களை விற்கிறார்கள். அந்த வேலை ஏபிஐ வழியாக நடக்கிறது. ஆள் நடுவில் இல்லாமல் ஒரு மென்பொருள் இன்னொன்றிடம் கேட்கவும் சொல்லவும் ஏற்படுத்திய வழி அது.

டி-சர்ட் மொத்த வியாபாரமும் கொஞ்சம் ஆன்லைன் விற்பனையும் செய்யும் நண்பர் ஒருவரின் குடோனுக்காக இஆர்பி நெக்ஸ்ட் மென்பொருளின் 15ஆம் பதிப்பை இணைத்துப் பார்த்தேன். மும்பையைச் சேர்ந்த ஃப்ராப்பே நிறுவனம் உருவாக்கிய திறந்த மூல மென்பொருள் இது. உரிமக் கட்டணம் கிடையாது. ஒரு பக்கம் ஷாப்பிஃபை ஆன்லைன் கடை, இன்னொரு பக்கம் டேலி பிரைம், மூன்றாவதாக ஜிஎஸ்டி இ-இன்வாய்ஸ். சரக்குப் பட்டியல் அவருடைய அசல் பட்டியல். கடையும் டேலி கம்பெனியும் சோதனைக்கென்று தனியாகத் திறந்தவை. இ-இன்வாய்ஸுக்கும் சோதனைத் தளத்தையே பயன்படுத்தினேன். ஓடுகிற வியாபாரத்தில் கை வைத்து இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது. ஏனென்றால், வேண்டுமென்றே இணைப்பை அறுத்துப் பார்ப்பதுதான் என் நோக்கம்.

விற்பனையாளர் காட்டும் டெமோவில் எல்லா இணைப்பும் நன்றாகத்தான் ஓடும். ஆர்டர் விழும், இருப்பு குறையும், பில் வரும். நான் பார்க்க விரும்பியது வேறு. ஒரு மென்பொருள் செய்தியை அனுப்பிவிட்டது. பதில் வருவதற்குள் நெட் போய்விட்டது. பதிவுத் தபால் அனுப்பி ஒப்புகை அட்டை திரும்பி வராத நிலை அது. கடிதம் போய்ச் சேரவில்லையா, அட்டைதான் தொலைந்ததா? அனுப்பியவருக்குத் தெரிய வழியில்லை. மறுபடி அனுப்பினால் ஒரே ஆர்டருக்கு இரண்டு பார்சல் கிளம்பலாம். அனுப்பாவிட்டால் ஒன்றுகூடக் கிளம்பாமல் போகலாம். குடோன் மென்பொருளைத் தேர்ந்தெடுப்பவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். விலைப்பட்டியலும் வண்ண வரைபடங்களும் அதற்கு அப்புறம்.

இஆர்பி நெக்ஸ்ட்டின் ஏபிஐ அமைப்பு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதில் உள்ள ஒவ்வொரு படிவத்துக்கும் ஏபிஐ தானாகவே கிடைக்கிறது. செகண்ட்ஸ் பீஸ்களைப் பதிவு செய்ய நாமே ஒரு படிவம் உருவாக்கினாலும் அடுத்த நிமிடம் அதற்கும் ஏபிஐ தயார். இணைக்கும் ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனிப் பயனரை உருவாக்கி, அவருக்கென்று சாவியும் ரகசியக் குறியீடும் கொடுத்துவிடலாம். ஷாப்பிஃபைக்கான பயனர் ஆர்டர் போடலாம், விலையை மாற்ற முடியாது என்று வரையறுக்கலாம். பின்னாளில் ஒரு பதிவு எப்படி வந்தது என்று தேடும்போது யார் பெயரில் வந்தது என்பதும் தெரியும்.

புதிதாக இணைப்பவர்களைத் தடுமாற வைக்கும் இடங்களும் உண்டு. பொருள் பட்டியலைக் கேட்டால், வேறு ஏதும் சொல்லாதவரை, 20 பதிவுகள் மட்டுமே வரும். அவற்றிலும் பெயர் மட்டுமே இருக்கும். பத்து நிறம், ஆறு சைஸ் என்றால் ஒரே மாடலுக்கு 60 வகை ஆகிவிடும் தொழிலில் இது பெரிய பள்ளம். முதல் பக்கத்தோடு நின்றுவிடும் நிரல் பிழை எதையும் காட்டாது. மிச்சச் சரக்கு இல்லாததுபோல் நடந்துகொள்ளும். இருப்பு போதாமல் ஒரு பதிவு தடைபட்டால் சர்வரின் பதிலில் வரும் நிலை எண், அதாவது எச்டிடிபி எண், 417. நிரல் எழுதுபவர் 400, 500 போன்ற பழகிய எண்களை மட்டும் எதிர்பார்த்திருந்தால் இதைத் தவறாகக் கையாள்வார். நெட் பழுதென்று நினைத்து மீண்டும் மீண்டும் அனுப்புவதில் பயனில்லை. அந்த 417 ஒரு மனிதரின் பார்வைக்குப் போக வேண்டும்.

ஏபிஐ வழியாக வரும் ஆவணத்தை டிராஃப்டாக நிறுத்தி வைக்கலாம். சமர்ப்பித்தால்தான் இருப்பு நகரும். இந்த ஒழுங்கு குடோனுக்கு மிகப் பொருத்தம். ஆர்டர் எங்கிருந்து வந்தாலும், சூப்பர்வைசர் பார்கோடை ஸ்கேன் செய்து உறுதி சொன்ன பிறகுதான் டெலிவரி நோட் சமர்ப்பிக்கப்படும் என்று வைத்தோம். "ஸ்கிரீன்ல நாப்பது காட்டுதுங்க, ரேக்குல முப்பத்தேழுதானுங்க இருக்குது" என்று அவர் சொல்லும் தருணத்தில் வண்டி இன்னும் கிளம்பியிருக்காது.

கடைக்கு எந்த எண்ணை அனுப்புவது என்பது அடுத்த கேள்வி. இஆர்பி நெக்ஸ்ட் ஒவ்வொரு பொருளுக்கும் ஒவ்வொரு குடோனிலும் பல எண்களை வைத்திருக்கிறது. கையில் உள்ள இருப்பு ஒன்று. ஏற்கெனவே வந்த ஆர்டர்களுக்கு ஒதுக்கியது இன்னொன்று. இனி வரவேண்டியதையும் சேர்த்துக் கணக்கிட்ட எதிர்பார்ப்பு இருப்பு மற்றொன்று. மூன்றாவது எண்ணைக் கடையில் காட்டினால் ஜாப் ஒர்க்கில் தைத்து முடிக்காத துணியையும் விற்றுவிடுவோம். முதல் எண்ணைக் காட்டினால் ஒருவருக்கு விற்ற பீஸை இன்னொருவருக்கும் விற்போம். கையிருப்பில் ஒதுக்கியதைக் கழித்து, மிச்சத்தை மட்டும் அனுப்ப வேண்டும். மென்பொருள் இந்த எண்களைப் பிரித்துத் தருகிறது என்பதே அதன் பெரிய பலம்.

ஷாப்பிஃபை பக்கம் வருவோம். அங்கே ஆர்டர் விழுந்ததும் வெப்ஹூக் வழியாக, அதாவது நாம் கேட்காமலே தானாக, நம் சர்வருக்குச் செய்தி வரும். நம் சர்வர் 5 விநாடிக்குள் பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் 4 மணி நேரத்துக்குள் 8 முறை வரை திரும்ப அனுப்பும். செய்திகள் நடந்த வரிசையிலேயே வரும் என்ற உத்தரவாதம் கிடையாது. ஒரே செய்தி இரண்டு முறை வரலாம் என்றும் ஷாப்பிஃபையின் கையேடே எச்சரிக்கிறது. ஃப்ராப்பே தரும் மின்வணிக இணைப்புச் செயலி இதை நன்றாகவே கையாள்கிறது. செய்தியை முதலில் பதிவேட்டில் எழுதிவிட்டு, வேலையைப் பின்னணி வரிசையில் போட்டுவிட்டு, உடனே பதில் சொல்லிவிடுகிறது. ஆர்டரை உருவாக்கும் முன் அதே எண்ணில் ஏற்கெனவே ஆர்டர் உள்ளதா என்றும் பார்க்கிறது.

ஆனால் ஒரே நொடியில் இரண்டு செய்திகள் வந்து, இரண்டும் "இல்லை" என்ற விடையைப் பெற்றுக்கொண்டு உள்ளே நுழையும் வாய்ப்பு, இப்படிப் பார்த்துவிட்டு உருவாக்கும் எந்த மென்பொருளிலும் உண்டு. அதனால் ஷாப்பிஃபை ஆர்டர் எண் பதியும் புலத்தை, ஒரே மதிப்பு இரண்டு முறை வரக் கூடாது என்று தரவுத்தளத்திலேயே பூட்டினோம். அப்புறம் ஒரே செய்தியை வேண்டுமென்றே பல முறை அனுப்பினோம், பதில் போகும் நேரத்தில் இணைப்பை அறுத்தோம். ஆர்டர் ஒன்றாகவே நின்றது. சோதனையில் எனக்கு நிறைவு தந்த இடம் இது.

இருப்பைக் கடைக்குத் திருப்பி அனுப்புவதில் நுட்பம் இன்னும் அதிகம். "மூன்று குறைத்துக்கொள்" என்று சொல்வது ஒரு முறை. "இப்போது மிச்சம் 37" என்று சொல்வது இன்னொரு முறை. முதல் வகைச் செய்தி இரண்டு தடவை போனால் ஆறு குறையும். இல்லாத தட்டுப்பாடு கடையில் தெரியும். இரண்டாவது வகை எத்தனை தடவை போனாலும் 37தான். அதற்கும் ஒரு குறை உண்டு. நாம் எண்ணி முடித்து அனுப்புவதற்குள் கடையில் ஒரு பீஸ் விற்றிருந்தால் அந்த விற்பனை மேல் நம் எண் ஏறி உட்கார்ந்துவிடும். ஷாப்பிஃபையின் கிராஃப்கியூஎல் ஏபிஐ இதற்கு வழி வைத்திருக்கிறது: "உன்னிடம் 40 இருந்தால் மட்டும் 37 ஆக்கு" என்று பழைய எண்ணையும் சேர்த்து அனுப்பலாம். இடையில் மாறியிருந்தால் மறுத்துவிடும். நாம் மறுபடி எண்ணி அனுப்பலாம். இணைப்பை எழுதித் தருபவரிடம் இந்த மூன்றில் எதைப் பயன்படுத்துகிறார் என்று கட்டாயம் கேளுங்கள்.

டேலி வேறு உலகம். டேலி பிரைமை சர்வராக அமைத்துவிட்டால், அது திறந்திருக்கும் வரை அந்தக் கம்ப்யூட்டரின் 9000 எண் போர்ட்டில் எக்ஸ்எம்எல் வடிவில் வவுச்சர்களை வாங்கிக்கொள்ளும். இங்கே எச்டிடிபி எண்ணை நம்பவே கூடாது. வவுச்சர் பதிவாகாமல் போனாலும் 200 என்ற வெற்றி எண் வரும். உள்ளே எத்தனை உருவானது, எத்தனை பிழை என்று எழுதியிருப்பதைப் படித்தால்தான் உண்மை தெரியும். லெட்ஜர் பெயரில் எழுத்து மாறினால்கூட அப்படி ஒரு லெட்ஜர் இல்லை என்று அந்தப் பதிலுக்குள்தான் சொல்லும். ஒவ்வொரு வவுச்சருக்கும் ரிமோட் ஐடி என்ற அடையாளத்தை நாமே கொடுத்தனுப்ப வேண்டும். இரண்டாவது முறை போகும்போது அது புது வவுச்சராக விழாமல் இருக்க இதுதான் காப்பு. சாதாரண அமைப்பில் இந்த போர்ட் கடவுச்சொல் எதுவும் கேட்காது. அலுவலக நெட்வொர்க்குக்கு வெளியே அதைத் திறந்து வைப்பது கல்லாவைத் தெருவில் வைப்பதற்குச் சமம்.

இன்னொரு நடைமுறைச் சிக்கல். அக்கவுண்ட்ஸ் அறைக் கம்ப்யூட்டரை மாலையில் அணைத்துவிட்டுப் போவார்கள். குடோனில் இரவும் லோடு ஏறும். இஆர்பி நெக்ஸ்ட்டின் வெப்ஹூக், பதில் கிடைக்காவிட்டால் சில விநாடிகள் இடைவெளியில் மூன்று முறை முயன்றுவிட்டு நிறுத்திக்கொள்கிறது. ஷாப்பிஃபையின் நான்கு மணி நேரத்தோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவு. இரவு கிளம்பிய சரக்கின் பில் காலையில் டேலியில் இருக்காது. ஆகவே வெப்ஹூக்கை நேராக டேலியோடு கட்டக் கூடாது. அனுப்ப வேண்டியவற்றை ஒரு பட்டியலில் எழுதி வைத்து, டேலி திறந்ததும் ஒவ்வொன்றாக அனுப்பி, பதிலைப் படித்துப் பார்த்த பிறகே பட்டியலிலிருந்து எடுக்கும் சிறு நிரல் ஒன்று நடுவில் தேவை. இதை இஆர்பி நெக்ஸ்ட் தன்னுடனேயே தந்திருக்க வேண்டும். இந்த மென்பொருளின் பெரிய குறை என்று நான் சொல்வது இதைத்தான்.

இ-இன்வாய்ஸ் பக்கம் எதிர்பாராத ஆறுதல் கிடைத்தது. ஆண்டு விற்பனை 5 கோடி ரூபாயைத் தாண்டியவர்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் இது கட்டாயம். ஒவ்வொரு பில்லுக்கும் கிடைக்கும் 64 எழுத்து ஐஆர்என் அடையாளம், விற்பவரின் ஜிஎஸ்டி எண், நிதியாண்டு, ஆவண வகை, பில் எண் ஆகியவற்றிலிருந்து கணக்கிடப்படுவது. அதனால் அதே பில்லை மறுபடி அனுப்பினால் புதிய எண் பிறக்காது. 2150 என்ற பிழை எண்ணோடு, முன்பு கொடுத்த ஐஆர்என்னையும் அரசுத் தளம் திருப்பித் தருகிறது. பதில் தொலைந்தால் பயப்படாமல் திரும்ப அனுப்பலாம். அரசுத் தளத்தின் இந்த வடிவமைப்பைத் தனியார் நிறுவனங்கள் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். கவனிக்க வேண்டியது ஒன்று: இந்தக் கணக்கில் தொகை சேரவில்லை. பில்லில் தொகையைத் திருத்தி அதே எண்ணில் அனுப்பினாலும் பழையதே என்றுதான் சொல்லும். 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்து, வேறு எண்ணில் புதிய பில் போட வேண்டும். இ-இன்வாய்ஸுக்கு இந்தியா கம்ப்ளையன்ஸ் என்ற துணைச் செயலி இஆர்பி நெக்ஸ்ட்டோடு நன்றாகப் பொருந்துகிறது.

அளவு அலகைப் பற்றி ஒரு வார்த்தை. மொத்த வியாபாரத்தில் டஜன், ஆன்லைனில் பீஸ். ஏபிஐயில் 5 என்று மட்டும் அனுப்பி அலகைச் சொல்லாமல் விட்டால் ஐந்து பீஸ் ஆகிவிடும். போக வேண்டியது அறுபது. அலகை ஒவ்வொரு வரியிலும் எழுதி அனுப்புங்கள்.

யார் வாங்கலாம்? நிரல் தெரிந்த ஒருவர் கூப்பிட்டால் வரும் தூரத்தில் இருந்தால், இஆர்பி நெக்ஸ்ட்டைத் தயங்காமல் எடுக்கலாம். அப்படி ஆள் இல்லாத சிறு குடோனுக்கு, ஒரே நிறுவனம் கடை, கணக்கு, இருப்பு மூன்றையும் சேர்த்துத் தரும் சேவை நல்லது. மாதாமாதம் பணம் போனாலும் இணைப்புப் பழுதுக்கு ஒரே இடத்தில் முறையிடலாம். எதை எடுத்தாலும் இரவு ஒரு முறை குடோன், கடை ஆகிய இரு பக்க இருப்பையும் ஒப்பிட்டு, வேறுபடும் பொருட்களை மட்டும் காலையில் சூப்பர்வைசர் கையில் கொடுக்கும் அறிக்கையை முதல் நாளே எழுதச் சொல்லுங்கள்.

பராமரிப்புச் செலவையும் முன்கூட்டியே பேசி முடித்துவிடுங்கள். ஷாப்பிஃபை மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஏபிஐயின் புதிய பதிப்பை வெளியிடுகிறது. ஒவ்வொன்றையும் குறைந்தது 12 மாதம் ஆதரிக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல் அதன் ரெஸ்ட் ஏபிஐ பழைய வகை என்று அறிவிக்கப்பட்டுவிட்டதால், இனி எழுதும் இணைப்பு கிராஃப்கியூஎல்லில் இருக்கட்டும். இணைப்பை எழுதியவர் வருடத்துக்கு ஒரு முறையாவது வந்து பதிப்பை மாற்றித் தர வேண்டும் என்பதை வேலை ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிடுங்கள்.