விளிம்பில் வழியும் நீர்

திருப்பனந்தாளைத் தாண்டி வடக்கே போகும் சாலை அணைக்கரையில் கொள்ளிடத்தைக் கடக்கிறது. ஆறு அங்கே ஒரு திட்டை நடுவில் விட்டு இரண்டாகப் பிரிந்து ஓடுகிறது. இரண்டு கைகளுக்கும் குறுக்கே ஆர்தர் காட்டன் 1836இல் எழுப்பிய கீழணை நிற்கிறது. வடவாற்றில் புகுந்து வீராணம் ஏரியை நிரப்பும் தண்ணீர் இங்கேதான் பிரிகிறது. மேட்டூரைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது அணையாகவே தோன்றாது, அவ்வளவு தாழ்வு. தண்ணீரை வழியவிடும் கலையில் உயரத்தைவிட நீளத்துக்கே மதிப்பு. ஆற்றின் அகலம் முழுவதும் விளிம்பாகிவிட்டால் பெருவெள்ளமும் பரவித் தணிந்து இறங்கும்.

வீட்டுக் கூடத்தில் கடல்நீர்த் தொட்டி வைக்க ஆசைப்படுகிறவருக்கும் இந்தப் பாடம் அப்படியே பொருந்தும். நாலடித் தொட்டிக்கு விளக்கு வாங்கலாம், பிறகு மாற்றலாம். மோட்டாரும் அப்படித்தான். ஆனால் மேல்நீர் எந்த விளிம்பில் ஏறி, எவ்வளவு நீளத்துக்கு விரிந்து, எந்தக் குழாயில் இறங்கி அடியிலுள்ள சம்ப்புத் தொட்டிக்குப் போகும் என்பதைக் கண்ணாடி ஒட்டுவதற்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும். தொட்டியின் அழகை ரசிப்பவர்கள் மீனையும் பாறையையும் பார்ப்பார்கள். கை தேர்ந்தவர்கள் முதலில் பின்பக்க விளிம்பைப் பார்ப்பார்கள்.

காரணம் இருக்கிறது. மீனின் கழிவு, மிச்சத் தீனி, உயிர்கள் விடும் கொழகொழப்பு எல்லாவற்றிலிருந்தும் பிரியும் புரதமும் கொழுப்பும் நீரின் மேற்பரப்பில் ஏடாகப் படியும். அந்த ஏடு காற்றுக்கும் நீருக்கும் இடையே திரை போட்டு ஆக்சிஜனைத் தடுக்கும், வெளிச்சத்தையும் மங்கவைக்கும். அடியில் எத்தனை பம்ப் ஓடினாலும் அது போகாது. மேலிருந்து வழித்தெடுத்தால்தான் போகும். சம்ப்பில் நுரை பிரிக்கும் ஸ்கிம்மருக்கு வேலை கொடுப்பதே இந்த விளிம்புதான்.

மெல்லியதாக வழிந்தால்தான் ஏடு மட்டும் வரும். எவ்வளவு மெல்லியது என்பதைக் கணக்கிட்டே சொல்லலாம். அமெரிக்காவில் லோவெல் நகரத்து ஆலைக் கால்வாய்களில் ஜேம்ஸ் பிரான்சிஸ் சோதனைகள் நடத்தி 1855இல் வெளியிட்ட சூத்திரம் இன்றும் செல்லும். மணிக்கு 1,000 லிட்டர் நீர் 30 செ.மீ. விளிம்பில் வழிந்தால் அதன் கனம் சுமார் 6 மி.மீ. அதே நீரை 1.2 மீட்டர் நீளத்துக்கு, அதாவது நாலடித் தொட்டியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வழியவிட்டால் கனம் இரண்டரை மி.மீ. மோட்டாரில் கை வைக்கவில்லை, மின்செலவு கூடவில்லை. விளிம்பை நீட்டியதால் மட்டும் கிடைத்த பலன் அது. இந்தத் துறையில் இதைவிட மலிவான ஆதாயம் வேறில்லை.

ஆனால் நீண்ட விளிம்பு கொத்தனாரின் கண்ணைக் கேட்கும். இரண்டரை மி.மீ. கனத்தில் வழியும் நீருக்கு ஸ்டாண்டு மூன்று மி.மீ. சாய்ந்தாலும் போதும், ஒரு கோடி கிட்டத்தட்டக் காய்ந்து நிற்க, மறு கோடியில்தான் பெரும்பகுதித் தண்ணீர் ஓடும். ரசமட்டத்தை ஓரிடத்தில் வைத்துப் பார்த்துத் திருப்திப்படக் கூடாது. டியூப் லெவல் பிடித்து இரு முனையையும் ஒப்பிட வேண்டும். பழைய வீட்டின் செங்கல் தரையில் தொட்டி நிரம்பிய பிறகும் ஒருமுறை பார்க்க வேண்டும், ஏனென்றால் கால் டன் எடை ஏறும்போது ஸ்டாண்டு சற்று அமுங்கும். விளிம்பின் உயரமும் விளையாட்டல்ல. திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காட்டன் கட்டிய மேலணை காவிரிக்குள் அளவுக்கு மிஞ்சி நீரைத் தள்ளியதால், சில ஆண்டுகளிலேயே அதன் நடுப்பகுதியைத் தாழ்த்த நேர்ந்தது. கல்லால் கட்டிய அணையை இடித்துத் தாழ்த்தலாம், கண்ணாடியில் முடியாது.

விளிம்பில் பல் வெட்டும் பழக்கம் பரவலாக உண்டு. மீனும் நத்தையும் உள்ளே போகாமல் தடுக்க அது உதவும். ஏரிக் கலிங்குகளின் மேல் வரிசையாக நட்ட கற்தூண்களைப் பார்த்தவர்களுக்கு இந்த வடிவம் புதிதல்ல. பெருமழைக் காலம் கழிந்ததும் தூண்களின் இடைவெளியை வைக்கோலும் களிமண்ணும் வைத்து அடைத்து ஏரியில் கூடுதல் நீர் தேக்குவார்கள். அங்கே இடைவெளி அடைபட்டால் லாபம், தொட்டியில் அடைபட்டால் நஷ்டம். பல்லும் இடைவெளியும் சம அகலமாக இருந்தால் விளிம்பின் நீளம் பாதியாகிவிடும். வழியும் கனம் ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறும். பாசி பிடித்தால் இன்னும் ஏறும். ஆகவே பல் வெட்டாத நேர் விளிம்பும், அதன் மேல் கழற்றிக் கழுவக்கூடிய வலையும்தான் நல்ல தேர்வு.

அடுத்தது, விளிம்புக்குப் பின்னால் உள்ள பெட்டி. மூலையில் தரைவரை இறங்கும் பெட்டி பழைய பாணி. தொட்டிக்குள் இடத்தைத் தின்னும்; பெட்டிக்குள் நீர் ஆழமாக விழுந்து சளசளக்கும். இப்போது விரும்பப்படும் பாணியில் தொட்டிக்குள் ஆழம் குறைந்த ஒரு சிறு பெட்டி மட்டும் இருக்கும். பின்கண்ணாடியில் துளையிட்டு, நீரை வெளியே தொங்கும் பெட்டிக்குக் கொண்டுபோவார்கள். கண்ணுக்கு உறுத்தாது, இடமும் மிச்சம். ஒரே எச்சரிக்கை: டெம்பர்டு கண்ணாடியில் துளை போட முடியாது, நொறுங்கிவிடும். கண்ணாடிக் கடையில் வெட்டுவதற்கு முன்பே கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

ரசிகனின் காது விழிப்பது குழாயில். நீரும் காற்றும் கலந்து இறங்கினால் கொடகொடவென்று இரவு முழுக்கப் பேசும். குழாயின் தலையில் T வடிவ இணைப்பு ஒன்றை வைத்து, மூடியில் சிறு துளையிட்டுக் காற்றை ஒழுங்குபடுத்துவது டர்சோ முறை. ஒற்றைக் குழாய் போதும், சத்தம் குறையும், ஆனால் முற்றும் அடங்காது. ஹெர்பி முறையில் இரண்டு குழாய்கள். முதல் குழாயில் கேட் வால்வு பொருத்தி, காற்றே புகாதபடி நீர் நிரம்பி இறங்கும் அளவுக்குத் திருகுவார்கள், இரண்டாவது அவசரத்துக்கு. பால் வால்வு இதற்கு ஒத்துவராது, ஒரு மயிரிழை திருப்பினாலே அளவு தாவிவிடும். பீன் அனிமல் என்று வழங்கும் முறையில் மூன்று குழாய்கள்: நிரம்பி இறங்கும் ஒன்று, மிஞ்சும் சிறு கசிவைக் காற்றோடு வாங்கிக்கொள்ளும் ஒன்று, எப்போதும் காய்ந்தே நிற்கும் ஒன்று. நிரம்பி இறங்கும் குழாயில் ஓசையே இராது. மோட்டாரின் வேகம் சற்று ஏறி இறங்கினாலும் இரண்டாவது குழாய் தானாகச் சமன் செய்துகொள்ளும். துளை மூன்று போட மனமிருந்தால் இதற்கு இணையானது இல்லை.

மூன்றாவது குழாயை வீண் என்று நினைப்பவர்கள் டெல்டாவின் வரைபடத்தை ஒருமுறை பார்க்கலாம். பாசனத்துக்குக் காவிரி, வெள்ளத்துக்குக் கொள்ளிடம். ஆண்டில் பெரும்பகுதி மணல் வெளியாகக் கிடக்கும் அந்த அகன்ற ஆறு இல்லையென்றால் தஞ்சைத் தரணியின் வயல்கள் நிலைத்திரா. அவசரக் குழாயில் வால்வு வைக்கவே கூடாது என்பதும் அதே அறிவுதான். 2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பு மேலணையில் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் பெயர்ந்து போயின. அசையும் பாகம் என்றாவது ஏமாற்றும். திறந்து கிடக்கும் துளை ஏமாற்றாது.

துளை போடத் தயங்குபவர்களுக்காகத் தொட்டியின் விளிம்பில் மாட்டும் பெட்டி விற்கிறார்கள். வளைந்த குழாய் கண்ணாடியைத் தாண்டி நீரை இழுத்து வெளியே தள்ளும். மின்தடை பழகிப்போன ஊர்களுக்கு அது பொருத்தமில்லை. மின்சாரம் நின்று, குழாய்க்குள் காற்றுப் புகுந்து இழுவை அறுந்துவிட்டால், மின்சாரம் திரும்பியதும் மோட்டார் மட்டும் ஓடும். சம்ப்பின் நீர் முழுவதும் மேலே ஏறிக் கூடத்தில் பாயும்.

கடல்நீர்த் தொட்டி என்று பேசும்போது பவளத்தைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. கல் பவளங்கள் அனைத்தும் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் காக்கப்பட்டவை. மன்னார் வளைகுடாவிலிருந்து எடுத்த ஒரு துண்டுக்கும் வீட்டில் இடமில்லை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் கோமாளி மீனைப் பொரிப்பகத்தில் வளர்க்கும் முறையை உருவாக்கியிருக்கிறது. அப்படி வளர்ந்த மீனும் செயற்கைப் பாறையும் கொண்ட தொட்டிக்கும் விளிம்பின் கணக்கு ஒன்றே.

நீர் நிரப்பியதும் செய்ய வேண்டிய சோதனைகளை உப்புக் கரைக்காத வெறும் நீரிலேயே செய்துவிடலாம். முதலில் மோட்டாரை நிறுத்திப் பார்க்க வேண்டும். 120 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம் உள்ள தொட்டியில் ஒரு செ.மீ. நீர் என்பது ஐந்தரை லிட்டருக்குச் சற்றுக் குறைவு. நீரைத் திரும்பக் கொண்டுவரும் குழாயின் வாய் ஐந்து செ.மீ. ஆழத்தில் இருந்தால் 27 லிட்டர் பின்னோக்கி இறங்கும். மேற்பரப்பை ஒட்டி அதில் ஒரு சிறு துளை இருந்தால் காற்றுப் புகுந்து உடனே நின்றுவிடும். இறங்கியது போக சம்ப்பில் எவ்வளவு இடம் மிச்சம் என்று பார்த்து, மோட்டார் ஓடும்போது நீர் எந்த மட்டத்தைத் தாண்டக் கூடாதோ அங்கே ஒரு கோடு போட வேண்டும். பிறகு மோட்டாரை ஓடவிட்டு, நிரம்பி இறங்கும் குழாயின் வால்வை முழுக்க மூடவேண்டும். இரண்டாவது குழாய் தாங்குகிறதா? அதன் வாயையும் துணி வைத்து அடைத்தால் மூன்றாவது மட்டும் மொத்த நீரையும் வாங்குகிறதா? வாங்கினால் துணியை எடுத்துவிட்டு, வால்வைத் திறந்து, உப்பைக் கரைக்கத் தொடங்கலாம்.