மெட்டாலிகாவின் ‘ஆண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்’: கேட்காமல் போன பேஸ் கிட்டார்

‘ஆண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்’ அமெரிக்க ஹெவி மெட்டல் இசைக்குழுவான மெட்டாலிகாவின் நான்காவது ஆல்பம். 1988-ல் வெளியானது. 9 பாடல்களும் ஏறத்தாழ 65 நிமிட நீளமும் கொண்டது. பாடல்களின் சிக்கலான அமைப்புக்காகப் போற்றப்படும் இந்த ஆல்பம், பேஸ் கிட்டார் கிட்டத்தட்டக் கேட்காத ஒலிக்கலவைக்காகவும் விமர்சிக்கப்படுகிறது.

பின்னணி

குழுவின் பேஸ் கலைஞர் கிளிஃப் பர்ட்டன் 1986 செப்டம்பரில் சுவீடனில் நடந்த பேருந்து விபத்தில் இறந்தார். அவருக்குப் பின் வந்த ஜேசன் நியூஸ்டெட் வாசித்த முதல் முழுநீள ஆல்பம் இது. ஃபிளெமிங் ராஸ்முசென் குழுவினருடன் இணைந்து தயாரித்தார். ஒலிக்கலவையைச் செய்தவர்கள் ஸ்டீவ் தாம்சனும் மைக்கேல் பார்பியரோவும். டிரம் கலைஞர் லார்ஸ் உல்ரிக் கேட்டுக்கொண்டதால்தான் பேஸின் ஒலியளவு குறைக்கப்பட்டதாகத் தாம்சன் பின்னாளில் பேட்டிகளில் கூறியுள்ளார்.

இரு கருவிகளும் ஒரே இடமும்

கிக் டிரம்மின் கனமான அடி பெரும்பாலும் 50 முதல் 100 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் ஒலிக்கிறது. நான்கு தந்தி பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது. இரண்டும் ஒரே கீழ்ப்பகுதியில் நெருங்கி நிற்பதால், ஒன்று மற்றொன்றை மறைக்கும். ஒலிப்பொறியாளர் எது அடியில் நிற்பது, எது அதற்கு மேல் நிற்பது என்று முதலில் முடிவு செய்கிறார். பிறகு ஈக்வலைசர் மூலம் ஒன்றில் குறைக்கும் அதிர்வெண்ணை மற்றொன்றுக்கு விட்டுக்கொடுக்கிறார். கிக் டிரம்மின் ஒலி சட்டென்று அடங்கிவிடும். பேஸ் கிட்டாரின் சுரமோ நீண்டு நின்று அந்த அடிக்கு உடலைத் தருகிறது.

ஆல்பத்தில் நிகழ்ந்தது

இந்த ஆல்பத்தில் கிக் டிரம்முக்குக் கூர்மையான ‘டிக்’ ஒலி தரப்பட்டது. 2000 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள பகுதியை உயர்த்துவதால் கிடைக்கும் ஒலி அது. ‘ஒன்’ பாடலின் பிற்பகுதியில், துப்பாக்கிச் சூட்டைப் போல விரையும் இரட்டைக் கிக் அடிகள் ஒவ்வொன்றாகத் தெளிவாகக் கேட்பதற்கு இதுவே காரணம்.

பேஸுக்கு அப்படியொரு அடையாளம் கிடைக்கவில்லை. ஒலியளவு குறைந்தது ஒரு காரணம் மட்டுமே. நியூஸ்டெட் பல இடங்களில் கிட்டார் வாசிக்கும் அதே சுரங்களைக் கீழ் ஸ்தாயியில் வாசித்தார். கிட்டார்களும் கீழ்ப்பகுதியில் அடர்த்தியாக ஒலித்ததால், பேஸின் மேல் இழைகள் அவற்றுக்குள் கரைந்தன. எஞ்சிய அடிச்சுரமும் ஃபேடரில் இறக்கப்பட்டபோது, காதால் பிரித்தறிய எதுவும் மிஞ்சவில்லை. எனவே பேஸின் ஒலியளவை ஏற்றினால் மட்டும் எல்லாம் சரியாகியிருக்கும் என்ற பொதுவான வாதம் பாதி உண்மையே.

மதிப்பீடு

நீதியின் சீர்குலைவைப் பாடும் வரிகளுக்கு இந்த வறண்ட, குளிர்ந்த ஒலி பொருந்துகிறது என்று வாதிடுவோர் உண்டு. வேகமான பகுதிகளுக்கு அது ஓரளவு பொருந்துகிறது. ஆனால் மெதுவாக நடக்கும் இடங்களில் கிக் அடிக்குப் பின் வெறுமையே கேட்கிறது. ‘டு லிவ் இஸ் டு டை’ பர்ட்டன் விட்டுச்சென்ற இசைத்துணுக்குகளிலிருந்து உருவான அஞ்சலி. ஒரு பேஸ் கலைஞரின் நினைவாக அமைந்த அந்த இசையின் கனமான பகுதிகளில்கூட பேஸைத் தேடியே கேட்க வேண்டியிருக்கிறது. ஆல்பத்தின் ஒலிக்கலவைக்கு எதிரான வலுவான சான்று இதுவே.

பாப் ராக் தயாரிப்பில் 1991-ல் வந்த ‘மெட்டாலிகா’ ஆல்பத்தில் இந்தக் குறை நீங்கியது. அங்கே பேஸ் கிட்டாரிலிருந்து விலகித் தனக்கான வழியில் நடக்கிறது. ‘மை ஃபிரெண்ட் ஆஃப் மிசரி’ நியூஸ்டெட்டின் பேஸ் வாசிப்புடனேயே தொடங்குகிறது. கிக் டிரம்மும் வலிமை குன்றாமல் ஒலிக்கிறது. ஒன்றைக் கேட்கச் செய்ய மற்றொன்றை அழிக்கத் தேவையில்லை என்பதை அதே குழுவே மூன்றாண்டுகளில் காட்டியது.

2018-ல் ‘ஜஸ்டிஸ்’ ரீமாஸ்டர் செய்யப்பட்டபோது பழைய ஒலிக்கலவை மாற்றப்படவில்லை. கலவையில் புதைந்த கருவியை ரீமாஸ்டரால் மீட்க முடியாது. ஒலிக்கலவை பயில்பவர்கள் கிக்கையும் பேஸையும் தனித்தனியே அல்லாமல் கிட்டார்களோடு சேர்த்துக் கேட்டே முடிவெடுக்க வேண்டும் என்பதற்கு இந்த ஆல்பம் நல்ல பாடம்.