என் ஓட்டு ஷாம்பிள்ஸுக்கு

காரியம் கெட்டுப்போனதைச் சொல்ல ஆங்கிலத்தில் எது உயர்ந்த சொல் என்று பேச்சு வந்தால், எங்கள் கூட்டத்தில் முதல் கை ஃபியாஸ்கோவுக்குத்தான் உயரும். இத்தாலிய நாடகக் கொட்டகையிலிருந்து வந்த சொல், வாய்க்கு இதமான சொல், மறுக்கவில்லை. ஆனால் அதன் மூலப்பொருளான புட்டிக்கும் மேடைத் தோல்விக்கும் என்ன சம்பந்தம் என்று இன்றுவரை யாரும் அடித்துச் சொல்லவில்லை. ராணுவ வாசனை பிடித்தவர்கள் ஸ்னாஃபு என்பார்கள். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கச் சிப்பாய்கள் கட்டிய முதலெழுத்துச் சுருக்கம் அது. ராணுவமே அந்தப் பெயரில் ஒரு அசட்டுச் சிப்பாயை உருவாக்கி 1943 முதல் கார்ட்டூன் படங்கள் எடுத்தது. டாக்டர் சூஸ் என்று குழந்தைகள் கொண்டாடும் தியோடர் கைசல் அவற்றில் பலவற்றுக்கு எழுதினார். எல்லாம் சரி, சுருக்கத்தை விரித்துச் சொன்னதும் ஸ்னாஃபுவின் வேடிக்கை தீர்ந்துவிடுகிறதே!

என் ஓட்டு ஷாம்பிள்ஸுக்கு.

டிபாக்கிளுக்குப் பெரிய இடம் வேண்டும். உறைந்த ஆறு உடைந்து பனிப்பாளங்கள் புரண்டு வருவது அதன் பிரெஞ்சு மூலம். படை சிதறினால் பொருந்தும், பாங்க் கவிழ்ந்தால் பொருந்தும். கல்யாணப் பந்தியில் சாம்பார் தீர்ந்ததற்கெல்லாம் அதை இழுக்கக் கூடாது. காக்-அப் சின்னது, யாரோ ஒரு ஆளின் கைவேலை. ஹேவயர் இயந்திரங்களுக்கு ஆகிவந்தது. வைக்கோல் கட்டும் கம்பியால் ஒட்டுப்போட்டு ஓட்டிய வட அமெரிக்க மரவெட்டி முகாம்களின் நினைவு அதில் இருக்கிறது. பியர்-ஷேப்டு, பிரிட்டிஷ் விமானப்படை வழியாகப் பரவியதாகச் சொல்வார்கள். திட்டம் நன்றாகத் தொடங்கி நடுவழியில் கோணிக்கொண்டால் அதுதான் சரி.

ஷாம்பிள்ஸ் இவை எதனுடனும் சேராது. அது சம்பவத்தின் பெயரல்ல. சம்பவத்துக்குப் பின் எல்லாம் கிடக்கிற கோலத்தின் பெயர். இரண்டு பேட்ஸ்மேன்களும் ஒரே முனையில் நிற்பார்கள், பந்து ஓவர்த்ரோ ஆகும், இருவரும் மறுபடி ஓடுவார்கள், விக்கெட் கீப்பர் ஒரு பக்கம் விழுந்துகிடப்பார், பௌலர் இடுப்பில் கைவைத்து வானத்தைப் பார்ப்பார். டிரான்சிஸ்டர் காலத்து இங்கிலீஷ் வர்ணனையாளர்கள் இதை விவரித்துக்கொண்டே வந்து, கொஞ்சம் நிறுத்தி, ‘எ ஷாம்பிள்ஸ்’ என்று குரலைத் தாழ்த்துவார்கள். யார்மேல் தப்பு என்ற பேச்சே இல்லை. காக்-அப் என்றிருந்தால் உடனே ஆளைத் தேட வேண்டியிருக்கும்.

சொல்லின் பயணத்தைப் பாருங்கள். லத்தீனில் சின்னப் பெஞ்சு. பழைய ஆங்கிலத்தில் முக்காலி, பிறகு கடைப்பலகை, பிறகு இறைச்சி வைத்து விற்கும் பலகை. பலகைகள் வரிசைகட்டி இறைச்சிச் சந்தை, சந்தையிலிருந்து கசாப்புக்கூடம், அங்கிருந்து ரத்தக்களரி. 1611-ல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளில், கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில், அது வெறும் இறைச்சிக் கடை. ஒத்தெல்லோ வாயில் ஈ மொய்க்கும் கசாப்புக்கூடம். சும்மா அலங்கோலம் என்ற பொருள் 1920-களில்தான் எழுத்தில் தலைகாட்டுகிறது. யார்க் நகரத்தில் அந்தப் பெயரிலேயே ஒரு சந்து உண்டு. மேல்மாடிகள் எதிரெதிரே குனிந்து ஒன்றையொன்று தொடப்பார்க்கும். சில கடைகளுக்கு வெளியே மாமிசம் தொங்கவிட்ட கொக்கிகளும், ஜன்னலடியில் அதைப் பரப்பிவைத்த அகலப் பலகைகளும் இன்னும் இருக்கின்றன. ரத்தத்தைக் கழுவிவிட வசதியாக இரு பக்க நடைபாதையும் உயர்ந்து, நடுவழி ஓடைபோல் தாழ்ந்திருக்கும். இப்போது அங்கே சாக்லேட்டும் ஹாரி பாட்டர் மந்திரக்கோலும் விற்கிறார்கள்.

இன்னொரு விஷயம், இசைப்பிரியர்களுக்காக: 1742 ஏப்ரல் 13 அன்று ஹாண்டலின் ‘மெசையா’ முதன்முதலில் அரங்கேறியது டப்ளினின் ஃபிஷாம்பிள் தெருவில். மீன் விற்ற ஷாம்பிள்ஸ் என்பதுதான் அந்தப் பெயர்.

இவ்வளவு ரத்தம் பார்த்த சொல்லைச் சமையலறை அலங்கோலத்துக்கு வீணடிக்கலாமா என்று போன நூற்றாண்டில் நடைநூல் பண்டிதர்கள் சிலர் முறைத்தார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. கழுவித் தள்ளிய பிறகும் தரையில் ஈரம் மிச்சமிருப்பதுதான் இதன் ருசி. காலை இழுத்து இழுத்து நடப்பதற்கு ஆங்கிலத்தில் ஷாம்பிள் என்றொரு வினை உண்டே, அதுவும் அந்தப் பலகையின் கோணல் கால்களிலிருந்து வந்ததாகவே அகராதிக்காரர்கள் கருதுகிறார்கள்.

எனக்கு வயிற்றெரிச்சல் வேறு இடத்தில். கடைசியில் எஸ் இருந்தும் முன்னால் ஒருமைக்கான ‘எ’ போட்டு நிற்பது இந்தச் சொல்லின் மிடுக்கு. அமெரிக்கப் பத்திரிகைகள் அதைப் பிடுங்கிவிட்டு ‘இன் ஷாம்பிள்ஸ்’ என்று எழுதுகின்றன. அப்படி எழுதினால் அது ‘இன் ரூயின்ஸ்’ என்பதற்கு ஒன்றுவிட்ட தம்பி ஆகிவிடுகிறது. பிழை என்று சொல்ல மாட்டேன், ருசி கெட்டது.

ஆம்னிஷாம்பிள்ஸ் ரசிகர்களுடன் எனக்குப் பழைய வழக்கு ஒன்று நிலுவையில் இருக்கிறது. 2009-ல் பிபிசியின் ‘தி திக் ஆஃப் இட்’ தொடரில் பீட்டர் கபால்டி நடித்த மால்கம் டக்கரின் வசவாகப் பிறந்தது அது. 2012 ஏப்ரலில், ஜார்ஜ் ஆஸ்போர்ன் சுடச்சுட விற்கும் பேஸ்ட்டிக்கெல்லாம் வாட் வரி போட்ட பட்ஜெட்டை எட் மிலிபாண்ட் நாடாளுமன்றத்தில் அந்தச் சொல்லாலேயே அடித்தார். அந்தக் கோடையில் லண்டன் ஒலிம்பிக்ஸ் ஏற்பாட்டைக் குறை சொல்லி மாட்டிக்கொண்ட மிட் ராம்னிக்கு ‘ராம்னிஷாம்பிள்ஸ்’ கிடைத்தது. ஆண்டு முடிவதற்குள் ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காரர்கள் பிரிட்டனின் ஆண்டுச் சொல்லாக ஆம்னிஷாம்பிள்ஸுக்கு மாலை போட்டார்கள். சாமர்த்தியமான சொல்தான். ஆனால் ஷாம்பிள்ஸ் என்றாலே சகலமும் அடக்கம். அதற்கு முன்னால் ஆம்னி ஒட்டுவது பாயசத்துக்குமேல் சர்க்கரை தூவுகிற வேலை. என்னைக் கேட்டால் ஷாம்பாலிக்தான் அசல் வாரிசு. மூலத்தின் அசட்டுத்தனம் குறையாமல் உரிச்சொல்லாகிவிட்டது.

அதையும் இப்போது யார் சொல்கிறார்கள்? ஆபீஸ் ஆங்கிலத்தில் எதுவும் கெடுவதே இல்லை. ‘இஷ்யூ’ வருகிறது, ‘சேலஞ்ச்’ வருகிறது, ரிசல்ட் ‘சப்-ஆப்டிமல்’ ஆகிறது. ஈரானுக்கு ஆயுதம் விற்ற விவகாரத்தில் ரீகன் 1987-ல் தவறுகள் ‘செய்யப்பட்டன’ என்று செயப்பாட்டு வினைக்குள் ஒளிந்துகொண்டார். 2023 ஏப்ரல் 20 அன்று ஸ்டார்ஷிப் ராக்கெட் கிளம்பி நாலு நிமிடத்தில் வானத்தில் சிதறியபோது, ஸ்பேஸ்எக்ஸ் அதை ‘ரேப்பிட் அன்ஷெட்யூல்ட் டிஸ்அசெம்ப்ளி’ என்றது. இன்ஜினியர்கள் தங்களுக்குள் நக்கலடித்துக்கொண்டால் ரசிக்கலாம். கம்பெனி அறிக்கையில் வரும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இளவட்டங்களுக்கோ ‘ஃபெயில்’ ஒன்றே போதும். 1998-ல் வந்த ஜப்பானிய வீடியோ கேம் ஒன்றின் ஓட்டை ஆங்கிலத்திலிருந்து அது கிளம்பியதாகச் சொல்கிறார்கள். வினைச்சொல்லைப் பெயர்ச்சொல்லாக்கிவிட்டார்களே என்று பொங்குகிறவர்களோடு நான் சேர மாட்டேன். நம்மூர்ப் பள்ளிக்கூடச் சுற்றறிக்கை பெற்றோரை ‘வித்தவுட் ஃபெயில்’ வரச் சொல்கிறதே, அதில் இருப்பது சாசர் காலத்துக்கு முந்தைய பெயர்ச்சொல். என் புகார் அளவைப் பற்றியது. பூனை சோபாவிலிருந்து வழுக்கி விழுந்தாலும் ஃபெயில், பேஸ்ட்டி வரியில் அரசாங்கம் பின்வாங்கினாலும் ஃபெயில். பூனைக்கு வேண்டுமானால் அது போதும்.