முதல் பக்கத்துச் செடி

கல்வாழைப் பூ ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். நல்லம்பள்ளி போன்ற ஊர்களில், குளியலறைத் தண்ணீர் பாயும் கொல்லைப்புறங்களில் தேடினால் கிடைக்கும்.

தாவரங்களுக்கு இன்று நாம் வழங்கும் இருசொற் பெயர்களின் கணக்கு, கார்ல் லின்னேயஸ் 1753-ல் வெளியிட்ட ‘ஸ்பீசிஸ் பிளாண்டாரம்’ நூலிலிருந்து தொடங்குகிறது. அதன் முதல் பக்கத்தில் முதலாவதாக நிற்பது ‘கன்னா இண்டிகா’, அதாவது, கல்வாழை. மகரந்தத்தாள்களை எண்ணி வகுப்புப் பிரித்தவர் லின்னேயஸ். ஒரே மகரந்தத்தாள் உடையவை அவருடைய முதல் வகுப்பு.

இனிப் பூவைப் பாருங்கள். வெளியே சிறு புல்லி இதழ்கள் மூன்று. அடுத்து, குறுகி முனை கூர்ந்த அல்லி இதழ்கள் மூன்று. பகட்டான சிவப்பு மடல்களோ இதழ்களே அல்ல. மகரந்தம் தராத மலட்டு மகரந்தத்தாள்கள். (மாணவர் ஏடுகளில் இவற்றையே அல்லி என்று குறித்துவிடுவது வழக்கம்.) ஒரேயொரு மடலின் விளிம்பில் மட்டும் மகரந்தப்பை ஒட்டியிருக்கும். அதுவும் பாதிப் பைதான்; மறுபாதி இதழ்போல் விரிந்துவிட்டது. ஆக, லின்னேயஸ் ‘ஒன்று’ என எண்ணியது உண்மையில் அரை!

அரையை ஒன்றென்றது பெரிய குறையன்று. எண்ணிக்கை ஒன்றையே நம்பியதால் நேர்ந்ததைப் பாருங்கள். இஞ்சியும் மஞ்சளும் கல்வாழைக்குப் பக்கத்தில் வந்தன; பொருத்தமே. ஆனால், எவ்வித உறவுமில்லாத மூக்கிரட்டையும் அதே வகுப்பில் நுழைந்தது. உண்மை உறவான வாழையோ 1043-ஆம் பக்கத்துக்குப் போயிற்று! இன்றைய மரபணு ஆய்வு இஞ்சி, வாழை, கல்வாழை மூன்றையும் ஒரே வரிசையில் வைக்கிறது. இலையை மட்டும் பார்த்துப் பெயரிட்ட நம்மவர் இவ்விடத்தில் லின்னேயஸை முந்திவிட்டனர். தம் முறை செயற்கையானது என்பதை அவரும் அறிந்தேயிருந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

‘இண்டிகா’ என்ற பெயரும் ஏமாற்றும். இதன் தாயகம் அமெரிக்க வெப்பமண்டலம். எனினும், 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் அச்சான ‘ஹோர்டஸ் மலபாரிகஸ்’ நூலிலேயே, காட்டுவாழை எனப் பொருள்படும் மலையாளப் பெயரில் இது இடம்பெற்றுவிட்டது. அவ்வளவு விரைவில் இங்கே வேரூன்றிய செடி!

இப்பேரினத்தில் எத்தனை சிற்றினங்கள்? 2001-ல் ஜப்பானின் தனாகா 19 என்றார். 2008-ல் நெதர்லாந்தின் மாஸ் தம்பதியர் 10 என்றனர். கலப்பினங்கள் வேறு குழப்புகின்றன. உங்கள் கையிலுள்ள பூவின் மடல்கள் ஒடுங்கியிராமல், அகன்று தளர்ந்து தொங்கினால், அது 19-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் தொடங்கிய கலப்பின வரிசையைச் சேர்ந்ததாகவே இருக்கும். ஏட்டில் ‘கன்னா இண்டிகா’ என்று எழுதிவிடாதீர்கள்.