புறக்கடையில் ஐப்பசி

ஜவ்வாது மலையில் ஐப்பசி என்றால் சாமை அறுப்பும் சீத்தாப்பழமும்தான். ஜமுனாமரத்தூர்ப் பக்கம் வீட்டுப் பின்புறத்தில் பழம் கண் திறந்ததுமே சின்னான்கள் வந்துவிடும். மரத்தில் பழுக்க விட்டால் பாதி அவற்றுக்குத்தான், விடலாம், தப்பில்லை.

இந்த மாதத்தின் விருந்தாளி வாலாட்டி. மஞ்சள் வயிறு, சாம்பல் முதுகு, ஒரு நொடி நிற்காத வால். இமயமலை ஓடைகளில் குஞ்சு பொரித்துவிட்டு வந்தது, இங்கே பாத்திரம் கழுவும் தண்ணீர் ஓடுமிடத்தில் பூச்சி பொறுக்கும். அறுமணிக்குருவியும் இதே சமயம்தான் இரவோடிரவாகத் தெற்கே பறக்கும். பச்சை, நீலம், சிவப்பு என்று அத்தனை நிறத்தையும் வைத்துக்கொண்டு சருகுக்குள் ஒளிந்து திரிவது என்ன கஞ்சத்தனமோ!

அதனால் வேலியோரச் சருகைக் கூட்டித் தீ வைக்காதீர்கள். அவரைப் பந்தலுக்கடியில் அது மக்கட்டும். தவிட்டுக்குருவிக் கூட்டமும் அதைத்தான் கிளறும். செம்பருத்தி ஒன்று இருந்தால் தேன்சிட்டுக்குப் போதும்.

இதே மலையிலுள்ள காவலூர் வானாய்வகத்தின் 2.3 மீட்டர் தொலைநோக்கிக்கு ஐப்பசி மழைமேகம் பெரிய இடைஞ்சல். புறக்கடை பார்ப்பவருக்கு அந்தத் தொல்லை இல்லை. தூறல் விட்டதும் ஈசல் கிளம்பும், கரிச்சானுக்குக் கொண்டாட்டம்.